வாக்கி டாக்கி பேசவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்வோம்

கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போக வேண்டும். ஒரு முறை பதினான்கு பேராகப் போயிருந்தோம். இளவட்டங்கள் அருவியடிக்குப் போய்விட்டார்கள். முழங்கால் வலிக்காரர்கள் மேலே அறப்பளீசுவரர் கோயில் பக்கமே உட்கார்ந்துவிட்டார்கள். கீழே ஒரு வாக்கி டாக்கி செட், மேலே ஒரு செட், நடுப்படியில் என் கையில் ஒன்று. கீழே இருந்து மேலே கூப்பிட்டால் பதிலே இல்லை. "புது செட்டுண்ணா, பத்து கிலோமீட்டர் கேக்கும்னு டப்பாவுலயே போட்டிருக்கு" என்று என்னோடு நின்ற தம்பி செட்டைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான்.

மூன்றிலும் ஒரு பழுதும் இல்லை. நடுவில் நின்ற எனக்கு இரண்டு பக்கமும் மணிமணியாகக் கேட்டது. அன்று மதியம்வரை கீழே சொன்னதை மேலே சொல்லி, மேலே சொன்னதைக் கீழே சொல்லித் தபால்காரர் வேலை பார்த்தேன்.

அப்புறம் எந்தப் புகார் வந்தாலும் ஒரே வரிசையில்தான் பார்க்கிறேன். முதலில் நிற்கிற இடம், அடுத்து செட்டிங், அதற்கடுத்து பேட்டரி. செட்டுக்குள்ளேயே பழுது என்ற சந்தேகம் கடைசியில். இங்கே சொல்லப்போவது உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய, அரை வாட் சக்தியுள்ள, ஜோடியாக விற்கிற மலிவு செட்டுகளைப் பற்றி. மலையேற்றம், சைக்கிள் பயணம், இரண்டு மூன்று கார்கள் சேர்ந்து போகும் குடும்பச் சுற்றுலா எல்லாவற்றுக்கும் அது போதும்.

எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை ஒன்றுதான்: இரண்டு செட்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வந்து, இருபதடி தள்ளி நின்று பேசிப் பாருங்கள். பேசினால் செட் நன்றாக இருக்கிறது, குற்றவாளி தூரமும் மலையும். பேசாவிட்டால் செட்டிங் அல்லது பேட்டரி. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் செட்டைக் கழற்றிப் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் நின்றாலும் ஒன்றும் கேட்கவில்லை

முதலில் சிரிப்பு வரவழைக்கும் காரணங்கள். சத்தம் குறைத்து வைக்கப்பட்டிருக்கும். அல்லது இயர்போன் துளையில் பின் பாதி நுழைந்தபடி இருக்கும். பின் நுழைந்ததும் செட்டின் ஸ்பீக்கர் அணைந்துவிடும், பாதியில் நிற்பதால் இயர்போனிலும் வராது. பின்னை முழுதாக வெளியே எடுத்துவிட்டுக் கேளுங்கள். சில நேரம் துளைக்குள் போன மண்துகளே பின் மாதிரி நடித்து ஸ்பீக்கரை அணைத்துவிடும்.

அதுவும் இல்லையென்றால் சேனல் எண்ணைப் பாருங்கள். இரண்டிலும் 5 என்று இருக்கிறதா? சரி. பக்கத்தில் சின்னதாக இன்னொரு எண் இருக்கிறதா? பெரும்பாலான நாட்களில் சிக்கல் அங்கேதான். அதன் பெயர் டோன். பேசும் செட், குரலோடு சேர்த்து ஒரு தாழ்ந்த ஒலியையும் அனுப்புகிறது; ஸ்பீக்கருக்கு வரும் முன் அது வடிகட்டப்படுவதால் நம் காதுக்குக் கேட்பதில்லை. கேட்கும் செட், தனக்குச் சொல்லி வைத்த அதே ஒலி வந்தால்தான் ஸ்பீக்கரைத் திறக்கும். ஒன்றில் டோன் 12, மற்றதில் டோன் 13 என்றால், சிக்னல் வந்து சேரும், விளக்கு பச்சையாக எரியும், சத்தம் மட்டும் வராது. விளக்கு எரிந்து சத்தம் வராவிட்டால் டோன்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இரண்டு செட்டிலும் டோனை 0 ஆக்குங்கள், அல்லது "ஆஃப்". பேசிவிடும். அப்புறம் வேண்டுமானால் இரண்டிலும் ஒரே எண்ணை வையுங்கள்.

வெவ்வேறு கம்பெனி செட்டுகளைக் கலந்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. எண் ஒன்றாக இருந்தும் பேசாது. ஏனென்றால் டோன் 12 என்பது வெறும் வரிசை எண். பரவலான 38 டோன் பட்டியலில் பன்னிரண்டாவது 100 ஹெர்ட்ஸ். வேறு சில செட்டுகள் நடுவில் 69.3 ஹெர்ட்ஸையும் சேர்த்துக்கொள்வதால் எல்லாம் ஒரு படி தள்ளிப்போய், அங்கே பன்னிரண்டு 97.4 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் பட்டியலை இரண்டு செட்டுக்கும் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் நெட் கிடைக்காது.

டோன் வைத்தால் நம் பேச்சை வேறு யாரும் கேட்க முடியாது என்று கடையில் சொல்வார்கள். தப்பு. டோன் நம் காதைத்தான் பொத்துகிறது, அடுத்தவர் காதை அல்ல. அதே சேனலில் டோன் இல்லாமல் வைத்திருக்கும் எவருக்கும் நாம் பேசுவது அத்தனையும் கேட்கும். பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பதை வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனாலும் சேரவே இல்லை

இந்த அறிகுறி பெரும்பாலும் வெளிநாட்டுச் சொந்தக்காரர்களால் வருவது. அமெரிக்காவில் இருந்து வந்த மாமா ஒரு ஜோடி செட் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். இங்கே வாங்கிய செட்டிலும் சேனல் 1, அதிலும் சேனல் 1. பேசாது. அமெரிக்கக் குடும்பச் செட்டுகளின் முதல் சேனல் 462.5625 மெகாஹெர்ட்ஸ். இங்கே நமக்கு அனுமதியுள்ள செட்டின் முதல் சேனல் 446.00625. பெயர் ஒன்று, ஊர் வேறு. ஜெர்மனியிலோ பிரான்சிலோ வாங்கிய சாதாரண செட் என்றால் அங்கேயும் இதே 446 வரிசைதான், அது பேசும்.

அமெரிக்க செட் இரண்டும் ஒன்றோடொன்று பேசுமே, அதை வைத்துச் சமாளிக்கலாமே என்று கேட்பார்கள். கூடாது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் வாக்கி டாக்கி பயன்படுத்த ஒதுக்கியிருப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சின்னத் துண்டு; 2018-ல் வந்த விதிகளின்படி இது நடைமுறை. அதற்குள் இயங்கும் செட்டுக்கும் ஈ.டி.ஏ. என்ற கருவி வகை ஒப்புதல் இருக்க வேண்டும். 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையக் கடைகளில் அலைவரிசையும் ஒப்புதல் விவரமும் காட்டாமல் வாக்கி டாக்கி விற்பதைத் தடுக்கத் தனியாக வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. ஆக, வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டே வரி: அலைவரிசை 446 என்று இருக்கிறதா, ஈ.டி.ஏ. எண் இருக்கிறதா. இரண்டும் இல்லாமல் "20 கி.மீ. ரேஞ்ச்" மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.

இணையத்தில் எல்லோரும் புகழும் ஐந்து வாட் செட்டுகள் இருக்கின்றன. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை, 400-க்கு மேலும் என்று எங்கே வேண்டுமானாலும் திருப்பலாம். செட் நல்ல செட்தான். அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள் தங்களுக்குரிய அலைவரிசையில் பயன்படுத்தட்டும். நாம் அதை மலைக்குக் கொண்டு போனால், தெரியாமல் ஒரு பட்டனைத் திருகிப் போலீஸ், வனத்துறை பேசும் இடத்தில் போய் நிற்கிற ஆபத்து இருக்கிறது. போலீஸ்காரர்கள் "மைக்கில் சொல்" என்கிறார்களே, அந்த மைக்கில் நாம் "மச்சான், இட்லி வாங்கிட்டியா" என்று கேட்க நேர்ந்தால் அப்புறம் இட்லி ஸ்டேஷனில்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அனுமதி வாங்கிக் காட்டுப் பாதைக்குப் போகும்போது, செட் வைத்திருப்பதை நுழைவிலேயே வனத்துறை ஆட்களிடம் நாமாகச் சொல்லிவிடுவது நல்லது. காட்டுக்குள் வாக்கி டாக்கி வைத்திருக்கும் அந்நியனைப் பார்த்தால் சந்தேகப்படுவது அவர்கள் கடமை.

பக்கத்தில் பேசுகிறது, தள்ளிப் போனால் செத்துவிடுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். விலை உயர்ந்த செட் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று எல்லோரும் நம்புவதும் இதைத்தான்.

இந்த அலைவரிசையில் ரேடியோ அலை கிட்டத்தட்ட வெளிச்சம் போலப் போகிறது. ஒரு டார்ச் அடித்தால் எதிர் ஆளுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் பேச்சும் போகும். நடுவில் பாறை முகடு இருந்தால் வெளிச்சமும் போகாது, பேச்சும் போகாது. இலை தழை கொஞ்சம் விடும், ஆனால் அதற்கும் கூலி வாங்கிக்கொள்ளும். மழை பெய்து நனைந்த இலை என்றால் கூலி இன்னும் கூட.

கொடைக்கானல் பண்பலை 100.5 மதுரை, தேனிப் பக்கமெல்லாம் பஸ்ஸில், டீக்கடையில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நிலையத்தின் சக்தி பெரியதுதான். ஆனால் அவ்வளவு தூரம் கேட்பதற்குப் பெரிய காரணம், அது நிற்கிற இடம் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பது. அதே நிலையத்தை மலையடிவாரப் பள்ளத்தில் வைத்திருந்தால் நம் தாத்தாக்கள் கிரிக்கெட் ஸ்கோருக்கு வேறு வழி பார்த்திருப்பார்கள். உயரமே ரேடியோவின் பாதி சக்தி.

கணக்காகவே சொல்கிறேன். சக்தியை அரை வாட்டில் இருந்து ஐந்து வாட்டுக்கு, அதாவது பத்து மடங்கு, கூட்டினாலும் தடையே இல்லாத வெட்டவெளியில் தூரம் மூன்று மடங்கு சொச்சம்தான் கூடும். தரையோடு தரையாகப் போகும்போது இரண்டு மடங்குகூடத் தேறாது. ஆனால் பள்ளத்தில் இருந்து முப்பதடி ஏறி மேட்டுக்கு வந்தால், கேட்கவே கேட்காதது பளிச்சென்று கேட்கும். டப்பாவில் போட்டிருக்கும் பத்து கிலோமீட்டர் பொய் என்று சொல்ல மாட்டேன்; அது ஒரு மலை உச்சியில் இருந்து இன்னொரு மலை உச்சிக்கு. ஊருக்குள், வீடுகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் கிடைத்தாலே சந்தோஷப்படுங்கள். அடர்ந்த சோலைக்காட்டில் அதுவும் இல்லை.

ஆகவே தூரம் போனதும் பேச்சு நின்றால் இதைச் செய்யுங்கள்:

முதலில் செட்டை இடுப்பில் இருந்து எடுங்கள். உடம்பில் பாதிக்கு மேல் உப்புத் தண்ணீர், அலையைக் குடித்துவிடும். முகத்துக்கு நேராக, ஏரியல் வானத்தைப் பார்க்க, நிமிர்த்திப் பிடியுங்கள். சினிமாவில் மாதிரி படுக்கையாகச் சாய்த்துப் பிடித்தால் எதிர்முனையில் சிக்னல் வெகுவாகக் குறைந்துவிடும். ஏரியலை விரலால் பிடிக்காதீர்கள்.

அடுத்து நாலு அடி நகருங்கள். பாறை, கட்டடம், கார் பக்கத்தில் அலை எதிரொலித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. இந்த அலையின் நீளம் சுமார் 67 சென்டிமீட்டர், அதனால் ஓரடி ஈரடி தள்ளி நின்றாலே நிலைமை மாறலாம். நகர்ந்து நகர்ந்து பார்ப்பதைப் பைத்தியக்காரத்தனம் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அப்புறம் ஏறுங்கள். ஏற முடியாதென்றால், மூன்றாவது செட்டோடு ஒருவரை நடுவில் நிறுத்துங்கள், ஆகாய கங்கைப் படியில் நான் நின்ற மாதிரி. இதனாலேயே ஒரு ஜோடி விலை உயர்ந்த செட்டுக்குப் பதில் இரண்டு ஜோடி மலிவு செட் வாங்குங்கள் என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். மூன்றாவது செட் செய்கிற வேலையைப் பணத்தால் வாங்கிய வாட் செய்யாது.

கார்களில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கார் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் இருந்து பேசினால் பாதி உள்ளேயே நின்றுவிடும். கண்ணாடியை இறக்கி, செட்டை ஜன்னல் ஓரம் பிடித்துப் பேசுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது முன் கார் தலைக்கு மேலே கைக்கெட்டும் தூரத்தில்தான் தெரியும், ஆனால் நடுவில் முழு மலைச்சரிவு. ஒரு வளைவில் கேட்கும், அடுத்ததில் போய்விடும், அதற்கடுத்ததில் மறுபடி வரும். செட் கெட்டுப்போகவில்லை, பொறுமையாக இருங்கள். பேசுவது பக்கத்து சீட்காரர், ஓட்டுநர் அல்ல.

முதல் வார்த்தை விழுங்கப்படுகிறது

"நில்லுங்க, பாம்பு!" என்று நீங்கள் கத்தியது எதிர்முனையில் "பாம்பு!" என்று மட்டும் கேட்கும். "போகாதீங்க" என்பதன் வால் துண்டாகிப் "போகா..." என்று நிற்கும். வெறும் எரிச்சல் என்று இதை விட்டுவிட முடியாது, ஆபத்தும் உண்டு.

காரணம் இரண்டு. பேட்டரியை மிச்சம் பிடிக்கக் கேட்கும் செட் தூங்கித் தூங்கி விழிக்கிறது; விழிக்க ஒரு கணம் வேண்டும். டோன் வைத்திருந்தால் அதைச் சரிபார்க்க இன்னொரு கணம். எனவே பட்டனை அழுத்தி, மனதுக்குள் "ஒண்ணு" என்று எண்ணிவிட்டுப் பேசுங்கள். பேசி முடித்ததும் இன்னொரு "ஒண்ணு", அப்புறம் விடுங்கள். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் பெரியவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள்.

இரைச்சல், ஊளை, அந்நியக் குரல்

ஓயாத "ஷ்ஷ்ஷ்" என்றால் ஸ்குவெல்ச், அதாவது வெறும் இரைச்சலை ஸ்பீக்கருக்கு விடாமல் தடுக்கும் கதவு, பூஜ்யத்தில் இருக்கிறது; அல்லது அந்தக் கதவைத் திறந்து வைக்கும் பக்கவாட்டு மானிட்டர் பட்டன் பையில் இடித்து அழுந்தியிருக்கிறது. இரைச்சல் பிடிக்காமல் ஸ்குவெல்ச்சை உச்சத்தில் வைப்பவர்களும் உண்டு. வீடு அமைதியாகும், ஆனால் தூரத்தில் இருந்து வரும் மெலிந்த சிக்னலும் வாசலிலேயே நின்றுவிடும். நடுவாக வையுங்கள்.

ஊளைச் சத்தம் வந்தால் இரண்டு செட்டும் ரொம்பப் பக்கத்தில் இருக்கின்றன. கல்யாண மண்டபத்தில் மைக் கத்துவது போல்தான் இதுவும். தள்ளிப் போங்கள்.

வேறு யாரோ பேசினால் சேனலை மாற்றுங்கள். சண்டை போடாதீர்கள், பொதுச் சொத்து அது. 16 சேனல் இருக்கிறது.

வினோதமானது இதுதான்: உச்சிக்கு ஏறிவிட்டோம், எல்லா ஊரும் கண்ணுக்குத் தெரிகிறது, செட் மட்டும் செவிடாகிவிட்டது. சுற்றும் முற்றும் பாருங்கள். டிவி கோபுரமோ செல்போன் கோபுரமோ பக்கத்தில் இருக்கும். மலிவு செட்டின் காது வடிகட்டத் தெரியாத காது. பக்கத்தில் ஒரு பெரிய டிரான்ஸ்மிட்டர் முழங்கும்போது மெல்லிய குரல் அதற்குக் கேட்பதில்லை. கோபுரத்தை விட்டு இறங்கி, கொஞ்சம் சரிவில், நீங்கள் பேச வேண்டிய திசை பார்த்து நில்லுங்கள். காரில் மலிவான போன் சார்ஜர் செருகியிருந்தால் அதுவும் இதே வேலையைச் சின்ன அளவில் செய்யும். பிடுங்கிப் பாருங்கள்.

யாராலும் பேச முடியவில்லை, சேனலே அடைத்துக்கொண்டது

எல்லா செட்டிலும் பச்சை விளக்கு, துணி உரசும் சத்தம், யாரோ மூச்சு வாங்கும் சத்தம். எவரோ ஒருவர் பையில் பேசும் பட்டன் அழுந்திக் கிடக்கிறது. அந்த ஆளுக்கு மட்டும் இது தெரியாது, ஏனென்றால் பேசும்போது செட்டுக்குக் கேட்காது. ஒவ்வொருவராகத் தன் செட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிவதுதான் குற்றவாளி.

பட்டன் அழுந்தாமலே சிவப்பு எரிந்தால் வாக்ஸ். குரல் கேட்டதும் தானாகப் பேசத் தொடங்கும் வசதி அது. முகட்டுக் காற்றையும் அருவி இரைச்சலையும் அது குரல் என்று நினைத்துக்கொள்ளும். வெளியிடத்தில் வாக்ஸை அணைத்தே வைப்பேன். மெனுவில் பேச்சு நேர வரம்பு இருந்தால் ஒரு நிமிடம் என்று வைத்துவிடுங்கள், மறந்து அழுத்தினாலும் தானே நின்றுவிடும்.

மதியத்துக்குள் சார்ஜ் காலி

கேட்பது பேட்டரிக்குச் சின்னச் செலவு, பேசுவதுதான் பெரிய செலவு. கம்பெனி சொல்லும் மணிக்கணக்கு, நூற்றில் ஐந்து பங்கு நேரம் பேசி, ஐந்து பங்கு கேட்டு, தொண்ணூறு பங்கு சும்மா இருப்பதை வைத்துப் போட்டது. குடும்பத்தோடு போனால் அந்தக் கணக்கு நிற்காது.

ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டும் ஏறவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். மலிவு செட்டுகள் பலவற்றில் டைப்-சி துளை இருக்கும், ஆனால் இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிள் போட்டால் சார்ஜர் மின்சாரமே தராது. அந்த இணைப்புக்கு வேண்டிய சின்ன ரெசிஸ்டர்களை உள்ளே வைக்காமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். ஒரு முனை பழைய அகலமான யு.எஸ்.பி. ஆக உள்ள கேபிளில் போட்டால் ஏறிவிடும். தொட்டியில் வைத்து ஏற்றும் வகை என்றால் பேட்டரியின் செப்புத் தகடுகளைப் பாருங்கள். வியர்வை உப்பு படிந்திருக்கும். பள்ளிக்கூட ரப்பரால் நாலு தேய்ப்பு போதும்.

பென்சில் செல் போடும் செட்டுக்குக் கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல் ஆகாது. பேசப் பட்டனை அழுத்தினதும் மின்னழுத்தம் சரிந்து செட் அணைந்து அணைந்து எரியும். ஆல்கலைன் செல் போடுங்கள். ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரி விடியலில் உறைபனி விழும் நாட்களில் லித்தியம் பேட்டரியும் சோர்ந்துவிடும். ராத்திரி போர்வைக்குள் வைத்துத் தூங்குங்கள்.

நனைந்துவிட்டது, குரல் குடத்துக்குள் இருந்து வருகிறது

ஸ்பீக்கர் வலையில் தண்ணீர் நிற்கிறது. செட்டைக் குப்புறப் பிடித்து உதறுங்கள், துணியால் ஒற்றுங்கள். மைக் துளை எங்கே என்று தேடி அதையும் ஊதுங்கள். உள்ளேயே நீர் போயிருந்தால் உடனே அணைத்துப் பேட்டரியைக் கழற்றி, நிழலில், காற்றில், ஒரு முழு நாள். அடுப்புப் பக்கம் வேண்டாம். நீரையும் தூசியையும் எவ்வளவு தாங்கும் என்பதைச் செட்டில் போட்டிருக்கும் ஐ.பி. எண் சொல்லும்: ஐ.பி.54 என்றால் தூறலுக்குத் தாங்கும், ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் இயர்போன் துளையின் ரப்பர் மூடி திறந்திருந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

நனையாமலே குரல் உடைந்து கேட்டால், பேசுபவர் மைக்கைக் கடிக்கிறார். நாலு விரல் தள்ளிப் பிடித்து, வீட்டில் பேசும் சத்தத்தில் பேசச் சொல்லுங்கள். தூரம் கூடினால் கத்தத்தான் தோன்றும். கத்தினால் குரல்தான் சிதையும், தூரம் கூடாது.

எதுவும் பலிக்கவில்லை

கிளம்பும்போதே ஒன்றைப் பேசி வைத்திருந்தால் இந்தக் கட்டம் பயமுறுத்தாது. எங்கள் குழுவில் பேச்சு அறுந்துபோனால் முன்னால் போகிறவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு மணியும் தொடங்கும்போது ஐந்து நிமிடம் இரு பக்கமும் செட்டைத் திறந்து, உயரமான இடத்தில் நின்று கூப்பிட வேண்டும். இரண்டு மணி நேரம் ஒன்றும் கேட்காவிட்டால் கடைசியாகச் சேர்ந்து நின்ற இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஆபத்து என்றால் இந்த செட்டை நம்பிக்கொண்டிருக்காதீர்கள், இதன் மறுமுனையில் போலீஸோ ஆம்புலன்ஸோ கிடையாது. செல்போனில் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறி 112-ஐ அழையுங்கள்.